கீட்டோ டிரிப்: உயரத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போடுங்க

கீட்டோன்னு சொன்னதும் டயட் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது தென் அமெரிக்காவில் இருக்கிற ஈக்வடார் நாட்டின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரம். நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான். அதாவது தொட்டபெட்டா மேல நின்னு இன்னும் 200 மீட்டர் ஏறினா வர்ற உயரத்தில் ஒரு முழு தலைநகரமே இருக்கு.

தென் அமெரிக்காவில் உயரமான தலைநகரம்னா மூணு பேர் அடிபடும்: கொலம்பியாவின் போகோட்டா, ஈக்வடாரின் கீட்டோ, பொலிவியாவின் லா பாஸ். லா பாஸ்ல அரசாங்கம் நடக்குது, ஆனா அரசியல் சட்டப்படி அந்த நாட்டின் தலைநகரம் சுக்ரே. அதோட லா பாஸ் 3,600 மீட்டருக்கு மேல, அதன் விமான நிலையம் 4,000 மீட்டரையும் தாண்டும். முதல் முறை போறவங்களுக்கு நான் கீட்டோவைத்தான் சொல்வேன். உயரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம், அதைக் கீழே சொல்றேன்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கீட்டோ மாதிரி ஊருக்குப் பட்ஜெட் போடும்போது எல்லாரும் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடுன்னு மூணு வரி எழுதுவாங்க. நாலாவதா ஒரு வரி இருக்கு, அது நாள். அந்த ஊர்ல போய் இறங்கினதும் உடம்பு உங்ககிட்ட ரெண்டு நாள் கேட்கும். அதைக் கணக்கில் வைக்காம அஞ்சு நாள்ல முடிச்சிடலாம்னு போட்ட பிளான் பார்க்க சிக்கனமா தெரியும். கணக்குப் போட்டா அதுதான் காஸ்ட்லி.

நிலையான செலவு, நாள் செலவு

காஸ்டிங் பேப்பர்ல படிக்கிற முதல் பாடம் இது. சில செலவு எத்தனை நாள் தங்கினாலும் மாறாது. சில செலவு நாளுக்கு நாள் ஏறும். சென்னையிலிருந்து கீட்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஒண்ணோ ரெண்டோ இடத்துல மாறணும், கதவிலிருந்து கதவுக்கு ஒரு நாளுக்கு மேலயே ஆகிடும். அதனால டிக்கெட் செலவுதான் பெரிய மலை. ஊருக்குள்ள போயிட்டா செலவு அந்த அளவுக்கு இல்ல.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். எண்கள் கணக்குப் புரியறதுக்காக நான் வெச்சது, நீங்க புக் பண்ற தேதிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. டிக்கெட், விசா, தடுப்பூசி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து நிலையான செலவு 1,80,000 ரூபாய். தங்கறது, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்.

அஞ்சு நாள் பிளான்: 1,80,000 + 25,000 = 2,05,000 ரூபாய்.
ஒன்பது நாள் பிளான்: 1,80,000 + 45,000 = 2,25,000 ரூபாய்.

இப்போ முதல் ரெண்டு நாளை உயரத்துக்குக் கொடுத்திடுங்க. அஞ்சு நாள்ல மிச்சம் மூணு, அப்போ உருப்படியா சுத்திப் பார்த்த ஒரு நாளோட விலை 68,333 ரூபாய். ஒன்பது நாள்ல மிச்சம் ஏழு, ஒரு நாளோட விலை 32,143 ரூபாய். கூடுதலா கொடுத்தது வெறும் 20,000.

லீவுக்கு விலை இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. மாசம் 75,000 சம்பளம்னா ஒரு நாள் 2,500 ரூபாய். அந்த நாலு நாளும் சம்பளம் இல்லாத லீவு ஆனாலும் கூடுதல் செலவு 30,000தான். ரெண்டு சனி ஞாயிறு நடுவுல வர்ற மாதிரி பிளான் பண்ணினா அதுவும் குறையும். ஒன்பது நாள் லீவு கிடைக்கலன்னா, இந்த வருஷம் கீட்டோ வேண்டாம், வேற ஊருக்குப் போங்கன்னுதான் சொல்வேன்.

உயரம் உடம்பை என்ன பண்ணும்?

மேல போனா ஆக்சிஜன் விகிதம் குறையும்னு பலர் நினைக்கிறாங்க. காத்துல ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். குறையறது காத்தழுத்தம். கீட்டோவில் அது கடல் மட்டத்தில் இருக்கிறதுல ஏறத்தாழ 70 சதவீதம். அதனால ஒவ்வொரு மூச்சிலயும் உள்ளே போற ஆக்சிஜன் அளவு குறைவு. சென்னைக்காரங்க விமானத்துல ஏறி நேரா அங்கே இறங்கும்போது உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது.

2,500 மீட்டருக்கு மேல போற யாருக்கும் இது வரலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராம புரளுறது, ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குறது. பெரும்பாலும் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்துல ஆரம்பிச்சு, ஓய்வு எடுத்தா ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகிடும். நீங்க ஜிம்முக்குப் போறவரா, மாரத்தான் ஓடுறவரா என்பதெல்லாம் இதுக்குத் தெரியாது. நல்ல ஃபிட்டா இருக்கிறவங்கதான் முதல் நாளே ஓடி ஆடி மாட்டிக்கிறாங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுறது, நடை தள்ளாடுறது, பேச்சு குழம்புறது இதெல்லாம் வந்தா காத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவமனை, உடனே கீழே இறங்கணும்.

அசிட்டசோலமைடு என்கிற மாத்திரையை முன்கூட்டியே எடுக்கிறவங்க உண்டு. யூடியூப் பார்த்து வாங்காதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா கட்டாயம் சொல்லுங்க. ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா, கர்ப்பம் எதுவா இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. அந்த கன்சல்டேஷன் ஃபீஸ்தான் இந்த டிரிப்லயே லாபமான செலவு.

நாட்களை வரிசைப்படுத்துறது எப்படி?

இங்கேதான் கொஞ்சம் புத்திசாலித்தனம் வேணும். கீட்டோவின் விமான நிலையம் ஊருக்குள்ள இல்ல. 2013-ல் திறந்த புது நிலையம் ஊருக்குக் கிழக்கே தபபேலா என்ற இடத்துல, ஏறக்குறைய 2,400 மீட்டர்ல இருக்கு. நகரத்தை விட 400 மீட்டருக்கு மேல தாழ்வு. முதல் ராத்திரியை அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே ஒரு சின்ன ஹோட்டல்ல தங்கிடுங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம். தண்ணி குடிங்க, சூப் குடிங்க, தூங்குங்க. பீர் வேண்டாம். இந்தியாவை விட பத்தரை மணி நேரம் பின்னாடி இருக்கிற ஊர், தூக்கக் குழப்பமும் கூட சேரும்.

ரெண்டாவது நாள் மிதாத் தெல் முந்தோ. ‘உலகத்தின் நடு’ன்னு அர்த்தம். பூமத்திய ரேகைக்கு நினைவுச்சின்னம் கட்டி, தரையில மஞ்சள் கோடு போட்டிருக்காங்க. இதுவும் நகரத்தை விடத் தாழ்வான இடம், அதனால உடம்புக்கு நல்லது. ஒரு சுவாரசியம்: 18-ம் நூற்றாண்டுல பிரெஞ்சு அறிவியல் குழு வந்து இந்தப் பகுதியில அளந்ததை நினைவுபடுத்தத்தான் அந்தச் சின்னம். இப்போ ஜிபிஎஸ் வெச்சுப் பார்த்தா உண்மையான ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே போகுது. மஞ்சள் கோட்டுல ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னு போட்டோ எடுத்தவங்க எல்லாம் ரெண்டு காலையும் தெற்கிலதான் வெச்சிருக்காங்க.

மூணாவது நாள் பழைய நகரம். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலா வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே கீட்டோ இருந்தது. சான் பிரான்சிஸ்கோ சதுக்கம், உள்ளே முழுக்கத் தங்கத் தகடு ஒட்டின லா கொம்பானியா தேவாலயம், அதிபர் மாளிகை இருக்கிற பெரிய சதுக்கம், எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆனா தெருக்கள் ஏத்தமும் இறக்கமும். லா கொம்பானியாவைக் கட்டி முடிக்க 1605-லிருந்து 160 வருஷம் எடுத்திருக்காங்க, நீங்களும் அவசரப்படாம பாருங்க. 2023 டிசம்பர்ல மெட்ரோ ஓட ஆரம்பிச்சிருக்கு, கட்டணம் 45 சென்ட், பழைய நகரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டேஷன் இருக்கு.

உடம்பு ஒத்துழைச்சா நாலாவது அல்லது அஞ்சாவது நாள் தெலிஃபெரிகோ கேபிள் கார். பிச்சிஞ்சா எரிமலைச் சரிவுல கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரைக்கும் தூக்கிட்டுப் போகும். முதல் நாளே இதுல ஏறுறதுதான் ரீல்ஸ் பார்த்துட்டு வர்றவங்க பண்ற வேலை. 5,897 மீட்டர் கோட்டோபாக்ஸி எரிமலைப் பக்கம் போறதுன்னா கடைசி நாட்கள்ல வெச்சுக்கோங்க. மேகக் காடு இருக்கிற மிந்தோ தாழ்வான ஊர், நடுவுல ஒரு நாள் மூச்சு வாங்க அங்கே போகலாம்.

மழை குறைவா இருக்கிறது ஜூன் முதல் செப்டம்பர் வரை. வெயில் சூடு தெரியாது, ஆனா பூமத்திய ரேகை, அதுவும் இந்த உயரம், தோல் கருகிடும். சன்ஸ்கிரீன் ஆடம்பரம் இல்ல. சின்ன குக்கர் தூக்கிட்டுப் போற நம்ம ஆட்களுக்கு ஒரு தகவல்: அங்கே தண்ணி 90 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும். பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். லோக்ரோன்னு உருளைக்கிழங்கும் சீஸும் போட்ட சூப் கிடைக்கும், அதைச் சாப்பிடுங்க.

கலாபகோஸ் தீவுகளையும் இதே டிரிப்ல முடிச்சிடலாமேன்னு ஆசை வரும். 2024 ஆகஸ்ட்ல இருந்து நம்மை மாதிரி வெளிநாட்டவருக்கு அங்கே பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டுமே 200 டாலர். விமானம், தங்கறது தனி. மேலே போட்ட பட்ஜெட் அதைத் தாங்காது.

ஒரு மியூசியம், ஒரு பாடம்

பழைய நகரத்துல, லா கொம்பானியா பக்கத்துலயே, பழைய மத்திய வங்கிக் கட்டடத்துல நாணய அருங்காட்சியகம் இருக்கு. நம்ம சேனல் பார்க்கிறவங்க இதைத் தவறவிடக் கூடாது.

ஈக்வடாருக்கு முன்னாடி சொந்தக் கரன்சி இருந்தது, பேரு சுக்ரே. 1990-களின் கடைசியில வங்கிகள் வரிசையா ஆட்டம் கண்டன. 1999 மார்ச்ல அரசாங்கம் வங்கிகளை மூடச் சொல்லிட்டு, மக்களோட டெபாசிட்டுகளை முடக்கிடுச்சு. சுக்ரேவின் மதிப்பு சரிஞ்சுக்கிட்டே போச்சு. 2000 ஜனவரியில அதிபர் ஹமில் மவாத், இனிமே அமெரிக்க டாலர்தான் நம்ம பணம்னு அறிவிச்சார். அதே மாசம் அவர் பதவியும் போச்சு, ஆனா டாலர் நின்னுடுச்சு. மாத்தின விகிதம் 25,000 சுக்ரேவுக்கு ஒரு டாலர். பாங்க்ல போட்டா பத்திரம்னு நம்பி, வாழ்நாள் சேமிப்பை ஒரே இடத்துல, ஒரே கரன்சியில வெச்சிருந்தவங்க கையில மிஞ்சினது எவ்வளவுன்னு நீங்களே வகுத்துப் பாருங்க.

பயணியா உங்களுக்கு இதுல ஒரு லாபம். ரூபாயிலிருந்து டாலர், அவ்வளவுதான், ஒரே ஒரு மாற்றம். போகோட்டாவுக்கோ லா பாஸுக்கோ போனா டாலர்லேர்ந்து உள்ளூர்ப் பணத்துக்கு இன்னொரு தடவை மாத்தி, அங்கேயும் கொஞ்சம் இழக்கணும்.

டாலர் ஃபாரெக்ஸ் கார்டு ஒண்ணு, அவசரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு, கொஞ்சம் ரொக்கம். ரொக்கத்தை 1, 5, 10, 20 டாலர் நோட்டா வாங்குங்க, 100 டாலர் நோட்டைச் சின்னக் கடையில யாரும் தொட மாட்டாங்க. ஈக்வடார் சொந்தமா அடிக்கிற சென்ட் நாணயங்கள் அந்த நாட்டை விட்டு வெளியே செல்லாது, கிளம்பறதுக்கு முன்னாடி செலவு பண்ணிடுங்க. கார்டு மெஷின்ல ‘ரூபாய்ல கட்டுறீங்களா, டாலர்லயா’ன்னு கேட்டா டாலர்னு சொல்லுங்க. ரூபாய்னு சொன்னா அவங்க வெச்ச ரேட்டுல உங்க பணம் கரையும்.

ரூபாய் சரிவுக்கும் இடம் விடுங்க. 2022 தொடக்கத்துல டாலர் 75 ரூபாய் பக்கம் இருந்தது, 2025 டிசம்பர்ல 90-ஐத் தாண்டிடுச்சு. பட்ஜெட்டுக்கு மேல ஒரு 8 சதவீதம் தனியா வையுங்க. மாசம் 15,000 வீதம் 15 மாசம் ஆர்டியில போட்டா 2,25,000 வந்திடும், அதுக்குக் கிடைக்கிற வட்டி இந்தக் கூடுதலுக்கு உதவும். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம, பர்சனல் லோன் எடுத்து, இந்த டிரிப் வேண்டாம்.

லீவையே விழுங்குற காகிதங்கள்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஈக்வடார் முன்னாடி விசா கேட்கல, 2019-லிருந்து கேட்குது. பழைய வ்லாக் பார்த்துட்டு ஏமாறாதீங்க. விசா கையில வர்றதுக்கு முன்னாடி ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போடாதீங்க. அமெரிக்கா வழியா போனா, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராட்டியும் அமெரிக்க விசா வேணும். ஐரோப்பா வழின்னா நாட்டுக்கு நாடு டிரான்சிட் விதி மாறும், எந்த ஏர்போர்ட்டுன்னு பார்த்து முடிவு பண்ணுங்க. டிக்கெட் 10,000 ரூபாய் மலிவா இருக்கேன்னு எடுத்துட்டு, டிரான்சிட் விசாவுக்கு அதை விட அதிகம் அலையறவங்க இருக்காங்க.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைத்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுறாங்க. மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள்னு இந்தியா வெச்சிருக்கிற பட்டியல்ல ஈக்வடார் இருக்கு. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள்ள இந்தியாவுல இறங்கினா சான்றிதழ் காட்டணும். இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். 75,000 சம்பளக்காரருக்கு அது 15,000 ரூபாய் சம்பள இழப்பு, மேனேஜர் முகம் வேற. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் வாழ்நாள் முழுக்கச் செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. கிளம்புற வாரத்துல ஓடாதீங்க.

ஆன்சைட்ல அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. அங்கிருந்து கீட்டோ கிட்ட, டிக்கெட்டும் மலிவு, நிலையான செலவு குறையுது, அஞ்சாறு நாள் பிளான்கூட நியாயம்தான். ஆனா உங்க பாஸ்போர்ட்ல இருக்கிற அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தா போகாதீங்க. கனடா, மெக்சிகோவுக்குக் குறுகிய பயணம் போய்த் திரும்புறவங்களுக்கு இருக்கிற சலுகை தென் அமெரிக்காவுக்குக் கிடையாது. புது ஸ்டாம்ப் இல்லாம திரும்ப நுழைய முடியாது. சுற்றுலா போய் வேலையில சிக்கல் இழுத்துக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பிரீமியத்தை விட விலக்குப் பட்டியலைப் படிங்க. உயர நோய்க்கான சிகிச்சை, ஏற்கெனவே இருக்கிற நோய், மலையேற்றத்துக்கு எத்தனை மீட்டர் வரை கவர், இந்த மூணையும் மெயில்ல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. கோட்டோபாக்ஸி போறதுன்னா இது கட்டாயம். 2024 ஜனவரியில கும்பல் வன்முறையால அந்த நாட்டுல அவசரநிலை அறிவிச்சாங்க, அப்புறமும் பல தடவை அறிவிச்சிருக்காங்க. அதனால கலவரம், அவசரநிலை சமயத்துல பயணம் ரத்தானா என்ன கிடைக்கும்னும் பாருங்க. ராத்திரியில தெருவுல போன் நீட்டிக்கிட்டு நடக்காம, ஆப் டாக்ஸியில போங்க. இன்னொண்ணு, மலைநாடுகள்ல உயரத்துக்கு நல்லதுன்னு கோக்கா இலை டீ கொடுப்பாங்க. அதைப் பையில போட்டு ஊருக்குக் கொண்டு வராதீங்க, இந்தியாவுல போதைப்பொருள் சட்டத்துல அந்த இலை வருது.

வரிக் கணக்கு

2025-26 நிதியாண்டு விதிப்படி சொல்றேன். அந்த வருஷம் டூர் பேக்கேஜா வாங்கினா 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம் டிசிஎஸ் பிடிச்சாங்க. 2,25,000 பேக்கேஜுக்கு அப்போ 11,250 ரூபாய். வெறும் விமான டிக்கெட்டோ, வெறும் ஹோட்டலோ தனித்தனியா நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜ் ஆகாது, இந்த டிசிஎஸ்ஸும் கிடையாது. ஃபாரெக்ஸ் கார்டுல ஏத்துறதுக்கு வருஷத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்ல.

டிசிஎஸ் பிடிச்சாலும் அது போன பணம் இல்ல, உங்க வரிக்கு முன்பணம். படிவம் 26ஏஎஸ்ல உங்க பேர்ல வந்திருக்கான்னு பாருங்க. ரீஃபண்டுக்காக அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்ல. 2024 அக்டோபர்லேர்ந்து படிவம் 12பிஏஏ-வில் இதை உங்க கம்பெனிக்குத் தெரிவிச்சா, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ஸைக் குறைச்சிடுவாங்க. பலருக்கு இப்படி ஒரு படிவம் இருக்கிறதே தெரியல. இன்னைக்கே ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க.

எல்டிஏ இதுக்கு ஆகாது. அந்த விலக்கு பழைய வரி முறையில, இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும். நடுவுல வெளிநாடு வர்ற மாதிரி சுத்திப் போயிட்டு, உள்நாட்டுப் பகுதிக்காவது கொடுங்கன்னு கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. டெல்லியில கிளம்பி மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு சுத்தின பயணம் அதுல ஒண்ணு. 2022 நவம்பர்ல, அதுக்கும் கிடையாதுன்னு தீர்ப்பு வந்திடுச்சு. சென்னை–டெல்லி டிக்கெட்டை மட்டும் தனியா வெட்டி எல்டிஏ-வில் போட்டுடலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க.

கடைசியா ஒண்ணு. வருஷத்துல வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல நீங்க செலவு பண்ணியிருந்தா, வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணியே ஆகணும். தங்கச்சியோட டிக்கெட்டுக்கும் நீங்க பணம் கட்டியிருந்தா அதுவும் உங்க கணக்குலதான் சேரும், அவங்க கணக்குல இல்ல. ரசீது, கார்டு ஸ்டேட்மென்ட், போர்டிங் பாஸ் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல ஸ்கேன் பண்ணி வெச்சிடுங்க, ஜூலையில தேட வேண்டி வராது.